மைலேஜ் மாமாவும் காணாமல் போன பெட்ரோலும்

மைலேஜ் மாமாவின் வண்டியில் ஒரு முறை பின்னால் உட்கார்ந்து போனவர்கள் மறுமுறை பஸ்ஸே தேவலை என்பார்கள். ஏறுவதற்கு முன்னால் கைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்பார். குடை இருந்தால், "மழை வராது, வச்சுட்டு வா" என்பார். சட்டை தொளதொளவென்று இருந்தால் இழுத்துச் செருகச் சொல்வார்; காற்று புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்குமாம். உட்கார்ந்த பிறகும் நிமிரக் கூடாது, அவர் முதுகோடு சேர்ந்து குனிய வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மாமா, மூச்சாவது விடலாமா, இல்ல அதுவும் வெயிட்டா?" என்று கேட்டேன். "மெதுவா விடு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இவர் என் அக்காவின் கணவர். குடிநீர் அலுவலகத்தில் வேலை. தெருத் தெருவாகப் போய், வீட்டு வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுப்பார். விடிந்ததும் கிளம்பினால் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். மீட்டரைத் தாண்டித் திருட்டுக் குழாய் போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. செடி பச்சைப்பசேலென்று இருக்கிறது, வாசல் கழுவி ஈரமாக இருக்கிறது, மீட்டர் மட்டும் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் போதும், கதவைத் தட்டிவிடுவார். அலுவலகத்தில் அதற்காகவே அவருக்கு ஒரு மரியாதை உண்டு.

தெருவில் மரியாதை வேறு ஒன்றுக்கு. அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் கொடுத்தது. புது வண்டிக்காரர்களே ஐம்பதுக்கு முக்கிக்கொண்டிருந்த தெருவில் அது சின்ன விஷயம் இல்லை. டேங்க்கை விளிம்பு வரை நிரப்புவார். அடுத்த தடவை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் மனசுக்குள்ளேயே வகுத்துவிடுவார். அன்றைக்குச் சாப்பிடும்போது அதுதான் தலைப்புச் செய்தி. "அறுபத்திரண்டு புள்ளி நாலு" என்பார். அக்கா, "அப்படியா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?" என்பாள்.

அவர் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். டீக்கடையில் நாலு பேர் குடித்தால் நாலு பேருக்கும் அவரே கொடுத்துவிடுவார். ஒரு முறை உறவினர் வீட்டிலிருந்து திரும்பும்போது எதிர்க்காற்று பலமாக அடித்ததாம். காற்றோடு மல்லுக்கட்டினால் மைலேஜ் அடிபடும் என்று வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, காற்று தணியும் வரை இரண்டு டீயும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் காத்திருந்துவிட்டு வந்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். காசு மிச்சம் பிடிப்பது அவர் நோக்கமே இல்லை. மற்றவர்களுக்குச் சீட்டாட்டம் மாதிரி, அவருக்கு இது.

ஆட்டத்துக்கு விதிகளும் அவரே போட்டு வைத்திருந்தார். வேகம் ஐம்பதுக்கு மேல் போனால் காற்றுக்குக் கப்பம் கட்ட வேண்டும். பிரேக் பிடிக்கிறவன் பெட்ரோலைத் தரையில் கொட்டுகிறவன். ஆகவே தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலேட்டர் முறுக்கைத் தளர்த்தி, வண்டியை அதன் போக்கில் உருள விடுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே பேட்டரியைத் தீர்ப்பார்கள். சிக்னலில் நின்றதும் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிடுவார். வாரா வாரம் டயரில் காற்று, பத்து நாளைக்கு ஒரு தரம் செயினுக்கு எண்ணெய், வெயிலில் வண்டியை நிறுத்துவது பாவம். இதில் பாதி உண்மை, பாதி அவர் நம்பிக்கை. எது எந்தப் பாதி என்று கேட்டால் சண்டைக்கு வருவார்.

இப்படிப்பட்டவரிடம் அக்கா வண்டி பழக்கித் தரச் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

அக்கா வீட்டிலேயே ஒரு திரைச்சீலைக் கடைக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக யாரோ அளந்து வந்த ஜன்னலுக்கு இவள் தைப்பாள். அந்த ஜன்னலை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டாள். வீடு வீடாகப் போய் அளவெடுக்கிற ஆள் வேலையை விட்டுப் போகவும், கடைக்கார அம்மா அக்காவிடம், "நீயே வர்றியா? கடை வண்டி இருக்கு. ஆனா கியர் வண்டி, லைசென்ஸ் வேணும்" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அக்கா மாடிக்கு வந்து, நான் குடியிருக்கும் ஒற்றை அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "எல்லா வீட்டு ஜன்னலையும் நானே போய்ப் பாப்பேன்டி" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமா தடை ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். மூடிக் கிடக்கும் ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பெரிய பொட்டல் இருக்கிறது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"க்ளட்சைப் பிடி. ஃபர்ஸ்ட் கியர் போடு. இப்ப மெதுவா விடு. மெதுவான்னா பாதியிலயே வச்சுக்கிட்டு நிக்காத, பெட்ரோல் போகுது. விடு விடு. ஐயோ, முறுக்காத! எதுக்கு இப்படி உறும விடுற, பெட்ரோல்!"

வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி உதைத்தாள். மறுபடி நின்றது.

"ஃபர்ஸ்ட் கியர்லயே எவ்வளவு தூரம் போவ? செகண்டு போடு. பெட்ரோலைக் குடிக்குது பாரு."

"எனக்கு இன்னும் நேராவே ஓட்ட வரலங்க."

"நேரா ஓட்டலன்னாலும் பரவால்ல, செகண்டுல ஓட்டு."

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ வண்டி நின்றபோது அக்கா இறங்கிவிட்டாள். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உங்க வண்டியை நீங்களே மடியில வச்சுக் கொஞ்சுங்க" என்று சொல்லிவிட்டு வீடு வரை நடந்தே வந்தாள். மாமா பக்கத்திலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சமாதானமாகத்தான் தள்ளினார் என்று வைத்துக்கொள்வோம்; நடக்கும் வேகத்தில் ஓட்டினால் மைலேஜ் போய்விடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் மதியம் அக்கா என் கதவைத் தட்டினாள். "நீ சொல்லிக் கொடு. அவருக்குத் தெரிய வேணாம்."

எனக்கு மருந்துக் கடையில் வேலை. மதியம் மூன்று மணி நேரம் கடை சாத்தியிருக்கும். அப்பாவின் வண்டியை எடுத்து நான் சின்ன வயதிலேயே ஓட்டிப் பழகியவள். மாமாவோ சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணி வரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். எல்லாம் தோதாக இருந்தது. அக்கா பழகுநர் உரிமம் வாங்கித் தையல் மிஷின் டிராயரில் ஒளித்து வைத்தாள். ஒரே ஒரு சிக்கல்தான். மாமா வண்டியை நிறுத்தும்போது மீட்டரில் கிலோமீட்டர் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். மறுபடி ஏறும்போது அதே எண் இருக்க வேண்டும். தொழில் புத்தி.

அதற்கும் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளைக் கீழே கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம். கழற்றிவிட்டால் எவ்வளவு ஓட்டினாலும் மீட்டர் அசையாது. திரும்பி வந்ததும் மாட்டிவிட வேண்டியதுதான். அக்கா என் புத்திசாலித்தனத்தை மெச்சி என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, நான் இரண்டு ஹெல்மெட்டோடு பின்னால் போவேன். பொட்டலில் அவள் இஷ்டத்துக்கு முறுக்கினாள், கத்தினாள், சிரித்தாள், இரண்டு தடவை விழுந்தாள். நாலாம் நாள் எட்டு போட்டாள். இடது உள்ளங்கையில் க்ளட்ச் பிடித்துப் பிடித்துக் கொப்புளம் வந்தது.

எங்கள் புத்திசாலித்தனத்தின் லட்சணம் மாமா அடுத்த முறை பெட்ரோல் போட்ட அன்றுதான் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தேழு" என்றார்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம். மீட்டர் ஏறவில்லை, பெட்ரோல் மட்டும் இறங்கியிருக்கிறது. வகுத்தால் என்ன வரும்? பேசாமல் மீட்டரை ஓட விட்டிருந்தால், தான்தான் எண்ணைத் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறோம் என்றாவது நினைத்திருப்பார். உலகத்தில் அந்த மனுஷனுக்கு எந்த எண் உயிரோ, சரியாக அதன் கழுத்தைப் பிடித்து நெரித்திருந்தோம்.

அன்றிலிருந்து மாமா துப்பறியக் கிளம்பினார். முதல் சந்தேகம் பெட்ரோல் பங்க் மேல். பங்க்கை மாற்றினார். அடுத்து ஒழுக்கு. டேங்குக்குக் கீழே செய்தித்தாளை விரித்து வைத்து, காலையில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், என்னையும் முகரச் சொன்னார். "நியூஸ் வாசனைதான் வருது மாமா" என்றேன். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரைத் தட்டினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். வண்டி முன்பைவிட வழவழவென்று ஓடியது. அக்காவே அதைச் சொன்னாள். "இப்ப க்ளட்ச் எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?" என்று பொட்டலில் இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக அடித்தாள். அடுத்த முறை நாற்பத்தொன்று வந்தது.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மீட்டர் ஓடாமல் தண்ணீர் ஓடினால் அடுத்த நிமிஷம் கதவைத் தட்டுகிறவருக்கு, தன் வீட்டிலேயே மீட்டர் ஓடாமல் பெட்ரோல் ஓடுகிறது என்று தோன்றவே இல்லை. வேடிக்கையாக இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் அந்த வேடிக்கை கசந்தது. டீக்கடையில், "என்ன மைலேஜு, இன்னிக்கு எவ்வளவு? லிட்டருக்கா, டேங்க்குக்கா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாலையில் வாசல்படியில் உட்கார்ந்து, வண்டியைச் சும்மா துடைத்துக்கொண்டிருப்பார்.

"சொல்லிடலாம்க்கா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை டெஸ்ட். முடிஞ்சதும் நானே சொல்றேன். இப்பச் சொன்னா மறுபடி பக்கத்துல வந்து நின்னு பெட்ரோல், பெட்ரோல்னு கத்துவாரு. எனக்குக் கையெல்லாம் உதறிடும்டி. இந்தத் தடவை விட்டா திங்கக்கிழமை கடைக்கார அம்மா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, புதன்கிழமை மதியம் மாமா சொன்னார்: "வண்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன். இன்ஜின் தேஞ்சு போச்சு. மெக்கானிக் ஒரு ஆளைச் சொல்லியிருக்கான். நாளைக்குக் காலையில வந்து எடுத்துட்டுப் போறாரு."

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் தண்ணீர் குடிப்பது போல டம்ளருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஏங்க" என்றாள் அக்கா. "நீங்க ஒரு வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் போறீங்க. தொட்டியில தண்ணி குறையுது. ஆனா மீட்டர் நகரவே இல்ல. என்ன அர்த்தம்?"

"இதென்ன கேள்வி? மீட்டரைத் தாண்டி எடுக்குறாங்கன்னு அர்த்தம்."

"யாரு?"

"வேற யாரு, வீட்டுல இருக்கவங்கதான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"நேரா முகத்தைப் பாத்துக் கேப்பேன்."

"கேளுங்க" என்றாள் அக்கா.

மாமாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் மேஜைமேல் விரித்து வைத்த இடது உள்ளங்கையைப் பார்த்தார். க்ளட்ச் பிடித்த கொப்புளம் அதில் பழுத்து உரிந்து கிடந்தது. எச்சில் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடினார். முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து கேபிள் திருகைத் தொட்டுப் பார்த்தார். வருஷக்கணக்கில் அழுக்கேறிக் கறுத்திருக்க வேண்டிய திருகு, எங்கள் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தது.

நாங்கள் இடி விழக் காத்திருந்தோம். மாமா எழுந்து நின்று, தெருவே கேட்கும்படி, "அப்போ என் வண்டிக்கு ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினார். டேங்க்கில் இரண்டு தட்டுத் தட்டினார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "சார், வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார்!" என்றார். அப்புறம்தான் தான் கோபப்பட வேண்டும் என்பது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் வேணாம்னு சொல்லியிருப்பேனா?"

"வேணாம்னு சொல்லியிருக்க மாட்டீங்க" என்றாள் அக்கா. "ஆனா அன்னிக்கு நான் ஓட்டினப்ப நீங்க புகைக்குழாயைப் பாத்தீங்க, டேங்க்கைப் பாத்தீங்க. ஒரு தடவைகூட என்னைப் பாக்கலங்க."

மாமா மறுபடி உட்கார்ந்தார். தட்டில் இருந்த சோற்றை ரொம்ப நேரம் பிசைந்துகொண்டிருந்தார். அன்று அவர் மதியத் தூக்கம் தூங்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் பண்ணி ஆள் வர வேண்டாம் என்று சொன்னார். அவ்வளவுதான். அவர் வருத்தப்படுகிறாரா, கோபமா என்று கடைசி வரை எங்களுக்குப் பிடிபடவில்லை. அக்கா மட்டும் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மாமா விடுப்புப் போட்டுவிட்டுத் தேர்வு மைதானத்துக்கு வந்தார். அக்காவுக்கு அது தைரியமாக இருந்ததா, உதறலாக இருந்ததா தெரியாது. கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். மருந்துக் கடை ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நானும் பக்கத்தில் நின்றேன்.

எட்டு அழகாகப் போட்டாள். கால் தரையில் படவே இல்லை. அடுத்தது மேடு. பாதி மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல், மறுபடி கிளப்பி ஏற வேண்டும். பொட்டலில் மேடே கிடையாது. இதை மட்டும் அவள் சரியாகப் பழகவில்லை. பாதியில் நிறுத்தினாள். க்ளட்சை விட்டாள். வண்டி இருமி அணைந்தது.

"இன்னொரு தடவை நின்னா அடுத்த மாசம் வாங்கம்மா" என்றார் அதிகாரி.

அக்கா வண்டியை உதைத்தாள். பிரேக்கில் கால், க்ளட்சில் கை. முறுக்கினாள், ஆனால் என்ன முறுக்கு அது? குழந்தைக்கு மருந்து ஊற்றுவது போலச் சொட்டுச் சொட்டாக. மாமா கயிற்றுக்கு வெளியே நிற்கிறார் அல்லவா? பொட்டலில் என்னோடு இருக்கும்போது உறும விட்ட கை, அவர் நிற்கிறார் என்றதும் பெட்ரோலை மிச்சம் பிடித்தது. இன்ஜின் திணறுவது எனக்கே கேட்டது. மாமாவுக்குக் கேட்காமல் இருக்குமா?

கட்டியிருந்த கையை அவிழ்த்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மைலேஜ் மாமா கத்தினார்.

"முறுக்கு! நல்லா முறுக்கு! பெட்ரோல் கெடக்குது கழுதை, போனாப் போகட்டும்! நான் உன்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன், முறுக்கு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. அக்கா முறுக்கினாள். அந்த வண்டி அதன் வாழ்நாளில் அப்படி உறுமியதில்லை. புகைக்குழாயிலிருந்து கருகருவென்று புகை வந்தது. மாமா கண்ணை மூடவில்லை. வண்டி மேட்டில் விறுவிறுவென்று ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, "யாரு அவரு?" என்று கேட்டாராம். "வீட்டுக்காரருங்க. சிக்கனக்காரரு" என்றாளாம் அக்கா.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா ஓட்டினாள், மாமா பின்னால் உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்தேன். சட்டையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னால் அடக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. அக்கா பிரேக் பிடித்து நிறுத்தினாள். பலகையில் தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று எண் இறங்க ஆரம்பித்தது. இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவின் வலது கை தானாக எழுந்து அவள் இடுப்பைத் தாண்டிச் சாவியை நோக்கிப் போனதைப் பார்த்தேன். பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து அவர் முழங்காலிலேயே உட்கார்ந்துகொண்டது. பற்களைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அப்போது அக்கா, பின்னால் திரும்பாமலே, சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு, எதுக்கு வீணா?" என்றாள்.